உப்புக் காற்றில் ஒலிப்பெட்டி

உவர்மலையில் ஒரு வீடு. கச்சான் காற்று அனலாக வீசிய ஆவணி மாதம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் இரண்டு நாளாக விடாமல் தொலைபேசியில் கூப்பிட்டதால் போனேன். முன் அறையில் ஒரு பழைய குவாட் அம்ப், ஒரு சோடிச் சின்ன ஸ்பீக்கர், இசைத்தட்டுச் சுழலி. எல்லாவற்றையும் தூசி படாமல் வைத்திருந்தார்.

"தம்பி, பாட்டுக்குப் பின்னால ஒருத்தன் இருந்து முனகுற மாதிரிக் கிடக்கு. மகன் வெளிநாட்டில இருந்து விலை கூடின பவர் கேபிள் ஒண்டு அனுப்பினவர். அதைப் போட்டும் போகேல்ல."

"அம்பில கை வைச்சாச் சுள்ளெண்டுதோ ஐயா?"

"ஓம், வெறுங்காலோட நிண்டாக் கூடச் சுள்ளெண்டும். அது கனநாளா இருக்கு."

அம்பை நான் திறக்கவில்லை. எர்த் கம்பி எங்கே அடித்திருக்கிறது என்று கேட்டேன். வீடு கட்டும்போது அடித்தது, கிணற்றடியில் இருக்க வேண்டும் என்றார். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வாழைக்குப் பக்கத்தில் மண்ணைக் கிளறினோம். கம்பியின் தலை தெரிந்தது. அதைப் பிடித்திருந்த கிளாம்ப் வெள்ளை மாவாகவும் பச்சைக் களிம்பாகவும் உதிர்ந்தது. செம்பு வயரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. அந்த வீட்டுக்கு எத்தனை வருடமாக எர்த் இல்லையோ தெரியாது.

ஒலிப்பெட்டி திருத்துகிற எனக்கு மண்வெட்டியோடு என்ன வேலை என்று பார்ப்பவர்கள் நினைக்கலாம். இந்தத் தொழிலுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. திருகோணமலையில் நல்ல செட் ஒன்று நல்லபடியாகப் பாட வேண்டுமென்றால் முதலில் பார்க்க வேண்டியது மண்ணைத்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அம்ப், ஸ்பீக்கர், ஊசி எல்லாம் அதற்குப் பிறகு. அவற்றிலும் எது விலை கூடியது என்பதைவிட எது எதோடு ஒத்துப் போகிறது என்பதுதான் கேள்வி.

எர்த் அறுந்த வீட்டில் நடப்பது இதுதான். குளிர்சாதனப் பெட்டி, உடுப்புத் தோய்க்கிற மெஷின், கணினி என்று இன்றைய பொருள்கள் எல்லாவற்றிலும் இரைச்சலை வடிக்கச் சின்னக் கப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றும் துளித்துளியாகக் கரண்ட்டை எர்த் வயருக்குள் கசிய விடும். எர்த் கம்பி மண்ணோடு சேர்ந்திருந்தால் அந்தக் கசிவு ஒருவருக்கும் தெரியாமல் நிலத்துக்குள் போய்விடும். சேராவிட்டால் வீட்டிலுள்ள அத்தனை பொருள்களின் கசிவும் எர்த் வயரிலேயே நின்று, அதோடு பிணைத்த எல்லா உலோகப் பெட்டிகளுக்கும் பரவும். அம்பின் பெட்டியில் மீற்றர் வைத்தால் நூறு வோல்ட்டுக்குக் கிட்டக் காட்டும். பிறகு அந்தக் கசிவு வேறு வழி தேடும். சுழலியிலிருந்து அம்புக்கு வருகிற சிக்னல் வயரின் மேலுறை வழியாக, டிஷ் அன்டெனாவின் வயர் வழியாக, வெறுங்காலோடு நிற்கிற மனிதர் வழியாக நிலத்தைத் தேடிப் போகும். சிக்னல் வயரின் உறையில் ஓடுகிற அந்தக் கொஞ்சக் கரண்ட்தான் ஸ்பீக்கரில் முனகலாகக் கேட்டது. எவ்வளவு விலையான பவர் கேபிளும் இதற்கு ஒன்றும் செய்யாது. கேபிளின் எர்த் ஊசி சுவருக்குள் போகிறது. சுவருக்குப் பின்னால் போவதற்கு இடமில்லையே.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளுக்கு மின்சாரம் தருகிறவர்கள் எர்த் தருவதில்லை. ஒவ்வொரு வீடும் தன் வளவுக்குள் தானே ஒரு கம்பி அடித்துக்கொள்கிறது. அதனால்தான் 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விட்ச் கட்டாயம். அந்த ஸ்விட்சில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அமத்தினால் 'டக்' என்று விழும். விழுந்தால் எர்த்தும் சரி என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அது பிழை. அந்தப் பொத்தான் ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். எர்த் கம்பியைப் பிடுங்கி எறிந்தாலும் பொத்தானுக்கு ஸ்விட்ச் விழும்.

அன்றைக்குப் புதுக் கம்பி அடித்து, வெண்கலக் கிளாம்ப் போட்டு இறுக்கி, மேலே வாஸலின் பூசினேன். கரண்ட்டைப் போட்டதும் முனகல் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் முழுக்கப் போகவில்லை. கம்பியின் அடியில் நான்கு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுத் தேநீர் குடித்தோம். திரும்பக் கேட்டபோது மிச்சமும் அடங்கியிருந்தது. உவர்மலை கல்லும் கிறவலும் கலந்த மேட்டு நிலம், கச்சான் காலத்தில் ஓடு போலக் காய்ந்து கிடக்கும். காய்ந்த மண் கரண்ட்டை வாங்காது. டச்சு விரிகுடாவை ஒட்டிய டைக் வீதியில் இதற்கு நேர்மாறு. கொஞ்சம் தோண்டினாலே உவர் நீர் வரும், எர்த் அருமையாகக் கிடைக்கும், ஆனால் அதே உவர் கிளாம்பைச் சில வருடத்திலேயே தின்றுவிடும். தம்பலகாமத்து வயற்கரை வீடுகளில் களிமண், ஈரம் நிற்கும், ஆகப் பெரிய தொந்தரவு இல்லை. ஒரே மாவட்டத்துக்குள் மூன்று விதமான நிலம். ஒரு வீட்டுக்குப் போகுமுன் அது எந்தப் பக்கம் என்று கேட்டாலே பாதி நோய் விளங்கிவிடும்.

நிலத்துக்கு அடுத்தது வோல்ட்டேஜ். 230 வோல்ட், அதிலே 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை. இது சட்டம். லைனின் கடைசி வீட்டில் மாலை ஏழு மணிக்கு மீற்றரைக் குத்திப் பார்த்தால் வேறு கதை சொல்லும். மீன்வாடிப் பக்கம் ஐஸ் அடிக்கிற மெஷின் தொடங்கும்போது விளக்கு ஒரு கணம் கண் சிமிட்டும், அம்பின் ட்ரான்ஸ்போமரும் அதே கணம் மூச்சு வாங்கும். இப்போது கூரைகளிலெல்லாம் சோலார் வந்த பிறகு பகல் நேரத்தில் மறுபக்கத் தொல்லை: வெயில் ஏற ஏற வோல்ட்டேஜும் ஏறுகிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் பாவனை குறைவு என்பதால் கூரைச் சோலார்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்க வேண்டி வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னர், பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் முழு நாடும் இருண்டதும் இதே கதையின் இன்னொரு பக்கம்தான். பாவனை குறைந்து சோலார் கூடிய பகலில், ஒரு சின்ன அதிர்ச்சியைத் தாங்கும் பலம் வலையமைப்புக்கு இருக்கவில்லை.

2022ஆம் ஆண்டு மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. அந்த மாதங்களில் என் மேசைக்கு வந்த அம்புகளில் அதிகமானவை கரண்ட் இல்லாத நேரத்தில் பழுதாகவில்லை. கரண்ட் திரும்பி வந்த நேரத்தில் பழுதானவை. ஊர் முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியும் பம்பும் ஒரே கணத்தில் உயிர்க்கும்போது வோல்ட்டேஜ் விழுந்து எழும்பித் தள்ளாடும். கரண்ட் வந்து நான்கைந்து நிமிடம் கழித்துத்தான் செட்டைப் போட வேண்டும். இதைச் செய்ய ஒரு தாமத ரிலே போதும். அந்த மாதங்களில் நான் பூட்டிக் கொடுத்த அந்தச் சின்னப் பெட்டிகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

கரண்ட்டின் சுத்தம் பற்றிய முதல் பாடத்தை நான் கரண்ட்டே இல்லாத ஊரில்தான் படித்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம், யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீடு. மின்சாரம் நின்று வருடக்கணக்கு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து இரண்டு வயர் எடுத்து ரேடியோவுக்குக் கொடுப்பார்கள். பெடலைக் கையால் சுற்றுகிறவன்தான் ரெகுலேட்டர். அவன் செய்தியைக் கேட்டு மெய்மறந்தால் குரல் சோரும், திடுக்கிட்டு வேகமாகச் சுற்றினால் கரகரக்கும். பெரியம்மாவின் மூத்த மகன் நான்கு டயோட்டும் ஒரு பெரிய கப்பாசிட்டரும் வைத்துக் கட்டினார். அந்தக் கணமே குரல் தெளிந்து நின்றது. ஏறி இறங்குகிற ஒன்றை வாங்கி, தேக்கி, ஒரே அளவில் கொடுப்பது. இன்று ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்கிற பவர் கண்டிஷனர் செய்வதும் அடிப்படையில் அதைத்தான்.

சரி, என்னதான் வாங்கலாம்? கடைகளில் கிடைக்கிற ரிலே ஸ்டெபிலைசரை நான் பாட்டு செட்டுக்குப் பரிந்துரைப்பதில்லை. அது படிப்படியாகத்தான் மாறும். ஒவ்வொரு படிக்கும் ஒரு 'கிளிக்', அந்தக் கிளிக் ஸ்பீக்கரிலும் கேட்கும். மோட்டார் வைத்த சேர்வோ ஸ்டெபிலைசர் நல்லது, மெதுவாகவும் மென்மையாகவும் திருத்தும். ஆனால் அதன் கரித்துண்டு செம்புச் சுருளின் மேல் உரசி ஓட வேண்டும். கடற்கரை வீட்டில் அந்தச் சுருள் களிம்பு பூக்கும், கரித்துண்டு பொறி தட்டும், இரைச்சலை அடக்கப் போன பெட்டியே இரைச்சலைத் தொடங்கிவிடும். வருடம் ஒரு தடவை திறந்து துடைக்கக் கூடியவர்கள் மட்டும் வாங்கட்டும். சதுர அலை தருகிற மலிவு இன்வேட்டரில் அம்பைப் போட வேண்டாம். ட்ரான்ஸ்போமர் சூடேறி உறுமும்.

எனக்குப் பிடித்தது தனிப்படுத்தும் ட்ரான்ஸ்போமர், ஒன்றுக்கு ஒன்று. அசைகிற உறுப்பு இல்லை, எரிகிற உறுப்பு இல்லை. லைனில் வருகிற இரைச்சலில் பெரும்பங்கை அது தன் வாசலிலேயே நிறுத்திவிடும். அளவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அம்பின் மின்வழங்கி கரண்ட்டைச் சீராக உறிஞ்சுவதில்லை. 230 வோல்ட் என்கிறோமே, அந்த அலையின் உச்சி 325 வோல்ட். கப்பாசிட்டர்கள் அந்த உச்சியில் மட்டும், ஒரு செக்கனுக்கு நூறு தடவை, மடக்கு மடக்காகக் குடிக்கின்றன. சின்ன ட்ரான்ஸ்போமர் அந்த மடக்குக்கு ஈடு கொடுக்காமல் உச்சியை மழுக்கிவிடும். சாதாரண மீற்றர் அப்போதும் 230 என்றே காட்டிக்கொண்டிருக்கும், தவில் மட்டும் சோர்ந்து போயிருக்கும். அம்ப் 300 வாட் கேட்டால் நான் ஆயிரத்துக்குக் குறைத்துப் போடமாட்டேன்.

இடிக்கு இதொன்றும் பாதுகாப்பல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வானம் முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றுங்கள், அன்டெனா வயரையும் கழற்றுங்கள். வேறு மருந்து இல்லை.

இனி என் சொந்தப் பிழை ஒன்று. துறைமுக ஊர் என்பதால் கப்பலில் போய் வந்தவர்கள் கொண்டுவந்த ஜப்பான் செட்டுகள் இங்கே நிறைய. உள்நாட்டுப் பாவனைக்கென்று ஜப்பானில் செய்த பொருளின் முதுகில் 100 வோல்ட் என்று எழுதியிருக்கும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்படியொரு அழகான அம்போடு வந்தவருக்குக் கடையில் கிடைத்த 110 வோல்ட் ட்ரான்ஸ்போமரைப் பூட்டிக் கொடுத்தேன். பத்து வோல்ட்தானே என்று நினைத்தேன். அந்த ட்ரான்ஸ்போமர் 230ஐ 110 ஆக்குவது. லைன் 250க்கு ஏறினால் அது 120 கொடுக்கும். நூறு கேட்ட அம்புக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். உள்ளே 50 வோல்ட் தாங்கும் கப்பாசிட்டரில் 48 நின்ற இடத்தில் இப்போது 57 நிற்கும். ஒரு மாதம் தாங்கியது. திறந்தபோது இரண்டு பெரிய கப்பாசிட்டரின் தலையும் வீங்கி வெடித்து, கீழே பிசின் போல ஒழுகியிருந்தது. அவர் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து ஜப்பான் செட்டுக்கு 100 வோல்ட் ட்ரான்ஸ்போமரை நானே சுற்றுவிக்கிறேன், லைன் 240 வரும் என்று கணக்கு வைத்து.

அமெரிக்கச் சுழலிகளில் இன்னொரு சங்கதி. பட்டியால் ஓடுகிற பழைய சுழலிகளின் மோட்டாருக்கு வோல்ட்டேஜைவிட அலைவெண் முக்கியம். 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் நம் 50இல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28க்கும் குறைவாகச் சுற்றும். பாட்டு மூன்று சுரத்தானம் கீழே இறங்கிவிடும். பாடகிக்குத் தொண்டை கட்டியது போலிருக்கிறது, ஊசியை மாற்றித் தாருங்கள் என்று வந்தவர்கள் உண்டு. மாற்ற வேண்டியது மோட்டாரின் கப்பி. 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2 போன்ற குவாட்ஸ் சுழலிகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவை தங்கள் நேரத்தைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன.

அம்பின் வயிற்றுக்குள் போவோம். பொருத்தம் பார்ப்பது என்றால் அம்பையும் ஸ்பீக்கரையும் சோடி சேர்ப்பது என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே உள்ளே ஒரு பொருத்தம் இருக்கிறது. அம்பின் வாசலில் இரண்டு சின்ன ட்ரான்சிஸ்டர்கள் தராசின் இரண்டு தட்டு போல நிற்கும். அவை ஒன்றுக்கொன்று சமமாக இல்லாவிட்டால் தராசு சாயும், ஸ்பீக்கர் வயரில் நேர்க் கரண்ட் கசியும், கூம்பு ஒரு பக்கம் தள்ளியபடி நின்று பாடும். ஆகவே முப்பது வாங்கி நான்கு சோடி எடுப்பேன். ஒவ்வொன்றாக ஒரே கரண்ட்டில் வைத்து, பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையிலான வோல்ட்டேஜைப் பார்ப்பது. 0.6 வோல்ட்டை ஒட்டி வரும். விரலால் பிடித்துப் பூட்டிய உடனே பார்த்தால் இலக்கம் இறங்கிக்கொண்டே போகும். விரலின் சூடு அது. ஒரு பாகை சூட்டுக்கு 2 மில்லி வோல்ட் மாறும், நான் தேடுகிற வித்தியாசமோ அதைவிடக் குறைவு. அதனால் மரத் துணிக்கவ்வியால் பிடித்துப் பூட்டுவேன், மின்விசிறியை நிறுத்துவேன், மேசையில் ஒரு சட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டு மூன்று நிமிடம் சும்மா இருப்பேன். இலக்கம் அசையாமல் நிற்கும். அப்போது எழுதுவேன். ஒத்து வந்த இரண்டையும் முகத்துக்கு முகம் ஒட்டி ஒரு உறைக்குள் போட்டுவிட்டால், பிறகு சூடேறினாலும் சேர்ந்தே ஏறும், ஆறினாலும் சேர்ந்தே ஆறும்.

இந்த வேலைக்கு ஒரு முழுப் பின்னேரம் போகும். என் கையில் இருக்கிற வேலைகளில் எனக்கு ஆகப் பிரியமானது இதுதான்.

பவர் ட்ரான்சிஸ்டரில் வேறு எச்சரிக்கை வேண்டும். 2SC5200, 2SA1943 என்று பெயர் அச்சடித்த போலிகள் உலகம் முழுக்கப் புழங்குகின்றன. கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனால் நான் முதலில் ஒன்றே ஒன்று வாங்கி, வெளியே வந்து உடைத்துப் பார்ப்பேன். உள்ளே சிலிக்கன் துண்டு நகத்தளவு இருக்க வேண்டும். அரிசி மணியளவு இருந்தால் அது தவிலுக்கு முன் நிற்காது.

ஐயாவின் செட்டுக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது திருகோணமலைக்கென்றே செய்தது போன்ற சோடி. அம்ப் குவாட் 303, 1967இல் வந்தது. ஸ்பீக்கர் எல்.எஸ்.3/5ஏ. பி.பி.சி. தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்குள் வைத்துக் கேட்பதற்காக எழுபதுகளில் வடிவமைத்த சின்னப் பெட்டி. உயரம் ஓர் அடி அளவுதான். 303க்குள்ளேயே வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் மின்வழங்கி இருக்கிறது. அந்தக் காலத்து வீட்டு அம்புகளில் இது அபூர்வம். வெளியே லைன் ஏறி இறங்கினாலும் உள்ளே 67 வோல்ட் அசையாமல் நிற்கும். பவர் கண்டிஷனரை அவர்கள் அம்புக்குள்ளேயே கட்டிவிட்டார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஸ்பீக்கரைப் பாருங்கள். கெஃப் நிறுவனத்தின் பி110, டி27 என்ற, ஒலி கொடுக்கும் இரண்டு உறுப்புகள். எந்த இரண்டு டி27உம் சரியாக ஒரே சத்தத்தில் பாடாது என்று தெரிந்து, கிராஸ்ஓவர் சுற்றுக்குள் பல முனை எடுத்த ஒரு ட்ரான்ஸ்போமரை வைத்தார்கள். ஒவ்வொரு டி27க்கும் அதற்கேற்ற முனையில் பற்றவைத்து, இடதும் வலதும் இரட்டைப் பிள்ளைகளாக ஆன பிறகுதான் சோடியாக வெளியே விட்டார்கள். ஒன்று பழுதானால் கடையில் கிடைத்த இன்னொன்றைப் போட்டு மூடிவிடக் கூடாது. முனையைத் திரும்பத் தேட வேண்டும்.

அந்தப் பெட்டியின் உணர்திறன் குறைவு, 1 வாட்டுக்கு ஏறத்தாழ 83 டெசிபெல். 95 டெசிபெல் பெட்டியோடு ஒப்பிட்டால் அதே சத்தத்துக்குப் பதினாறு மடங்கு பவர் வேண்டும். ஆனால் அதன் தடை பழைய வகையில் 15 ஓம், எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து 11. 303 போன்ற அடக்கமான அம்புக்கு அது இலகுவான சுமை. ஒரு நடுத்தர அறைக்குள் இரண்டும் சண்டையில்லாமல் வாழும். இதே ஸ்பீக்கரைத் திருமணக் கூடத்தில் வைத்தால் அது வைத்தவரின் பிழை, பெட்டியின் பிழையல்ல.

வால்வு அம்ப் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. அம்பின் வெளித்தடை 2 ஓம் என்று வையுங்கள். ஸ்பீக்கரின் தடை ஒரு சுருதியில் 6 ஓம், இன்னொன்றில் 24 ஓம். முதலாவதில் நூற்றுக்கு 75 போய்ச் சேரும், இரண்டாவதில் 92. இரண்டுக்கும் இடையில் 2 டெசிபெலுக்குக் கிட்ட வித்தியாசம். அதாவது பாடகரின் குரலில் ஒரு பகுதி முன்னே வரும், இன்னொன்று பின்னே போகும். அந்த அம்ப் இனிமையாக இருக்கிறது, இது வறட்சி என்று சொல்கிற பேச்சில் பாதி இந்தப் பொருத்தத்தைப் பற்றிய பேச்சுத்தான். தடை மேடு பள்ளம் இல்லாத ஸ்பீக்கரைத் தேடினால் வால்வு அம்ப் தங்கம்.

ஐயாவின் செட்டில் இன்னொரு பொருத்தமின்மையும் இருந்தது. மகன் கொடுத்த சிடி இயந்திரம் 2 வோல்ட் கொடுக்கிறது. 303க்கு முழு வேகத்துக்கு அரை வோல்ட் போதும். அதனால் அம்புக்கு முன்னாலுள்ள ப்ரீஅம்பின் சத்தக் குமிழை எட்டு மணி முள்ளுக்கு மேல் திருப்ப முடியவில்லை என்றார். குமிழின் அடிப்பகுதியில் இரண்டு பக்கமும் சமமாக இருக்காது, பாட்டு ஒரு பக்கம் சாயும். பக்கத்துக்கு இரண்டு ரெசிஸ்டர் வைத்து நான்கில் ஒன்றாகக் குறைத்தேன். நான்கு சின்ன ரெசிஸ்டர், ஒரு தேநீர்க் காசு வராது. "இவ்வளவு நாளும் இடது பக்கக் காது பழுதெண்டு நினைச்சன் தம்பி" என்றார்.

வயர் பற்றி என் தீர்ப்பு நேரானது. 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரில் ஐந்து மீற்றர் இழுத்தால், போக வர மொத்தத் தடை 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அதற்கு மேல் தேவையில்லை. நம் ஊரில் பார்க்க வேண்டியது தடிப்பையல்ல, உப்பை. பளபளக்கும் வெறும் செம்பு வயரின் நுனி இரண்டு மாரி கண்டால் கறுத்துப் பச்சையாகிவிடும். களிம்பு உறைக்குள்ளேயே ஊர்ந்து போகும். படகுக்கு வயர் இழுக்கிறவர்கள் வெள்ளீயம் பூசிய செம்பு வயர்தான் பாவிப்பார்கள். அதையே நான் ஸ்பீக்கருக்கும் இழுக்கிறேன். பொன் முலாம் பூசிய முனைகளை நம்பிவிடாதீர்கள். மலிவானவற்றில் முலாம் மெல்லியது, அதன் துளைகளுக்குள் உப்பு புகும். மாதம் ஒரு தடவை கழற்றிப் பூட்டினாலே உரசலில் பாதித் துரு போய்விடும்.

எல்லாம் முடிந்த பிறகு நான் முதலில் போட்டுக் கேட்பது எப்போதும் ஒரே பாட்டு. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே தேவா'. எஸ்.ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் மாறி மாறி வரும் இடத்தில் கண்ணை மூடுவேன். குரல் நின்று நாதஸ்வரம் எடுக்கிற அந்த இடைவெளியில் ஒன்றுமே கேட்கக் கூடாது. அங்கே முனகல் இருந்தால் நிலம் சரியில்லை. நாதஸ்வரத்தின் உச்சியில் காது கூசினால் பொருத்தம் சரியில்லை. பிறகு யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவில். சராசரியில் ஒரு வாட் ஓடுகிற இடத்தில் அவருடைய ஒரு அடி கண்ணிமைக்கும் நேரத்துக்கு இருபது வாட் கேட்கும். மின்வழங்கி அதை உடனே கொடுத்துவிட்டு, அடுத்த அடிக்குள் திரும்ப நிறைந்துவிட வேண்டும். கொடுத்தால் தோலில் விழுந்த விரல் தனியாகத் தெரியும். கொடுக்காவிட்டால் பெட்டியில் தட்டியது போலத்தான் இருக்கும். அன்றைக்கு உவர்மலையில் விரல் தெரிந்தது. ஐயா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டாம் பக்கத்தையும் போடச் சொன்னார்.

ஒரு வேண்டுகோள். உறுமலை நிறுத்துவதற்காகப் பிளக்கின் எர்த் ஊசியை வெட்டிவிடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. உறுமல் நிற்கவும் கூடும். ஆனால் உள்ளே ஒரு வயர் அறுந்து பெட்டியில் பட்டால் தொட்டவரின் உடம்பு வழியாகத்தான் கரண்ட் நிலம் தேடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், செய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் விடாதீர்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் தகுதியுள்ள மின்வேலையாள் ஒருவரைக் கூப்பிட்டு, மெயின் ஸ்விட்சை அணைத்து, எர்த் கம்பியின் தலையைத் திறந்து பாருங்கள். வயரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் புது அம்ப் வாங்குகிற யோசனையை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வையுங்கள்.